வெளிச்சுவர் மரப்பலகை: கழற்றியபோது பின்னால் என்ன இருந்தது?

கானாத்தூர் காற்று எழுதியது:

கடலோரக் கானாத்தூரில் எங்கள் வீட்டு முகப்பில் தேக்குப் பலகை பதித்தோம். சிமெண்ட் பூச்சின் மேலேயே பிசின் தடவி ஒட்டி, ஓரங்களில் திருகாணி முடுக்கி, மேல்விளிம்பு கீழ்விளிம்பு இரண்டையும் சிலிக்கானால் அடைத்துவிட்டுப் போனார் காண்ட்ராக்டர். முன்பக்கம் பளபளவென்று பாலிஷ். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்து ஓய்ந்த பிறகு, ஜன்னலுக்குக் கீழே ஒரு பலகை மட்டும் நடுவில் லேசாக உப்பியிருந்தது.

வேறொரு ஆசாரியைக் கூட்டி வந்தேன். அவர் கீழ் வரிசையில் ஒரு திருகாணியைக் கழற்றினார். அந்த ஓட்டையிலிருந்து தண்ணீர் வந்தது. கசிவு என்று சொல்ல முடியாது, ஒரு கோடாகச் சுவரில் இறங்கியது. மழை விட்டு வெயில் காயத் தொடங்கி வெகு நாள் ஆகியிருந்தது. பலகையின் முன்பக்கம் கை வைத்தால் சுடுகிறது. பெயர்த்துப் பார்த்தால் பின்பக்கம் முழுக்கக் கறுத்து வெள்ளைப் பூசணம். முன்பக்கத்துப் பாலிஷில் ஒரு கீறல்கூட இல்லை.

மேலே சிலிக்கான் எங்கோ தலைமுடி அளவு விட்டிருக்கிறது. உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை, கீழேயும் அடைத்தாயிற்றே. அந்தத் தண்ணீர்க்கோடு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை. வேறு யாராவது இப்படிப் பார்த்திருக்கிறீர்களா?

நாஞ்சில் உளி எழுதியது:

தேக்கு என்று விற்பதெல்லாம் வைரம், அதாவது மரத்தின் கெட்டியான உள்பகுதி, இல்லை அண்ணா. வெளிப்புற வெள்ளைப்பகுதி கலந்த பலகை பெயருக்குத்தான் தேக்கு. பூசணமும் கரையானும் அதைத்தான் முதலில் பிடிக்கும். கறுத்த பலகையின் ஓரத்தைப் பாருங்கள், வெளிறிய பட்டை ஓடுகிறதா என்று.

நான் சொல்ல வந்தது வேறு. எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டு மாடிக்கு அயினி (காட்டுப்பலா) மரப் பலகை மாற்றினார்கள். வயதான ஆசாரி ஒருவர் தகர டின்னில் முந்திரி ஓட்டு எண்ணெயை வைத்துக்கொண்டு, அறுத்த ஒவ்வொரு பலகையின் முனையையும் அதில் நிறுத்தி ஊறவிட்டார். பிறகு புரட்டி அடுத்த முனை. கூட இருந்த பையன் அவசரத்தில் நனைக்காத ஒன்றைத் தூக்கி அடித்துவிட்டான். பெரியவர் ஏணியில் ஏறி, ஆணியைப் பிடுங்கி, பலகையை இறக்கிக் கொண்டுவந்து டின்னில் நிறுத்தினார். "நனைக்காத பலகை என் கையால சுவர் ஏறாது" என்றார். அவ்வளவுதான் பேசினார்.

மரத்தின் பரந்த முகத்தைவிட வெட்டுமுனை பல மடங்கு வேகமாகத் தண்ணீர் குடிக்கும். இப்போது மிஷின் வைத்து அந்த இடத்திலேயே அறுத்து அந்த இடத்திலேயே முடுக்குகிறார்கள். முனையை யார் பார்க்கிறார்கள்? பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனால் எல்லாரும் செதுக்கு வேலையைப் பார்ப்பார்கள். நான் கூரையின் இறக்கத்தைப் பார்ப்பேன். எத்தனை தூரம் வெளியே தள்ளி இறக்கியிருக்கிறார்கள்! சாரல் மரத்துக்கு வந்து சேர்வதே அபூர்வம். நம் இப்போதைய வீடுகளில் ஒன்றரை அடி சன்ஷேடுகூட 'லுக்' கெடும் என்று எடுத்துவிடுகிறார்கள்.

கேட்டி வாசி எழுதியது:

நான் அமெரிக்காவில் ஹூஸ்டன் பக்கம். இங்கே சுவரே மரச்சட்டம்தான், அதன் மேல் நாலுக்கு எட்டடி பிளைவுட் பேனல். நெடுகக் கோடு கீறின அந்த டி1-11 வகை, பழைய வீடுகளில் நிறைய. நாங்கள் வாங்கிய வீட்டின் பின்சுவரில் இரண்டு பேனல் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கிறது. அந்தச் சேர்மானத்தில் 'இசட்' வடிவத் தகடு ஒன்று இருக்க வேண்டும்: மேல்பலகைக்குப் பின்னால் ஏறி, கீழ்ப்பலகையின் தலைக்கு மேலாக வெளியே மடியும். எங்கள் வீட்டில் தகடு இல்லை. முன்பு வேலை செய்தவர் இடைவெளியில் கால்க் என்ற அடைப்புப் பசையைப் பிதுக்கி, மேலே பெயிண்ட் அடித்துவிட்டிருந்தார்.

2024 ஜூலையில் பெரில் சூறாவளி போன பிறகு சைடிங் (வெளிச்சுவர்ப் பலகை) வேலை செய்யும் ஆள் வந்து, அந்தச் சேர்மானத்துக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். பாலாடையை அழுத்தியது போல் பெயிண்ட் உள்ளே போனது. பெயிண்ட் கிழியவில்லை. அதன் பின்னால் மரம் என்று ஒன்று இல்லை. என் மகள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று இரவு அந்தச் சுவர் பக்கம் படுக்கமாட்டேன் என்று அழுதாள். அதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது.

சிவில் தாம்பரம் எழுதியது:

மூன்று பேர் கதையிலும் ஒரே பாடம்தான்: கடற்கரை ஊரில் வெளிச்சுவருக்கு மரம் வேண்டாம். என் சைட்டில் ஒரு கிளையண்ட் கேட்டுப் போட்டோம், இரண்டாவது மழைக்காலத்திலேயே கரையான் மண்கோடு மாடி வரை ஏறிவிட்டது. இப்போது டபிள்யூபிசி (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை), எச்பிஎல் (அழுத்திச் செய்த லேமினேட் தகடு) என்று எத்தனையோ வந்துவிட்டது. மரம்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் கீழே உள்ளதைச் செய்யுங்கள்.

அஸ்திவாரம் போடும்போதே கரையான் மருந்து மண்ணுக்கு. பலகையின் அடி மண்ணைத் தொடவே கூடாது, குறைந்தது ஆறு அங்குலம் மேலே நிற்கட்டும், செடித்தொட்டி அண்டாமல். போராக்ஸ் மருந்து ஏற்றிய மரம் என்று வாங்கினால் அதன் மேல் பூச்சு கட்டாயம், இல்லையென்றால் மழை மருந்தைக் கழுவிக்கொண்டு போய்விடும். வார்னிஷ் வேண்டாம், வெயிலில் படலம் வெடிக்கும், வெடிப்பில் தண்ணீர் புகும், படலமே அதைக் காயவிடாமல் பிடித்துக்கொள்ளும். ஊறுகிற எண்ணெய்தான் சரி, வருடா வருடம் மறுபடி தடவலாம். கறுப்புச் சாயல் கேட்டால் மறுத்துவிடுங்கள், வெயில் சூட்டில் பலகை அதிகம் வளைந்து நெளியும். சிலர் சுவருக்கும் பலகைக்கும் நடுவே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து இடைவெளி விடச் சொல்கிறார்கள். நம் ஊரில் அந்த இடைவெளியில் பல்லி, குளவி, கரப்பான் எல்லாம் குடிவரும். கானாத்தூர் சார், நல்ல சிலிக்கான் ஆளை வைத்து மறுபடி அடைக்கச் சொல்லுங்கள், போதும்.

தெலுக் இந்தான் எழுதியது:

சிவில் தம்பி, கடைசி வரியைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். யாராவது அதை நம்பிச் செய்துவிடப் போகிறார்கள்.

எங்கள் மலேசியாவில் மழை இல்லாத மாதமே இல்லை. நான் பிறந்த வீடு பலகை வீடு, தூண் மேல் நிற்பது, செங்கால் என்ற உறுதியான மலேசிய மரம். மேல்பலகை கீழ்ப்பலகையின் தலையை மூடி வரும். எங்குமே எதையும் அடைத்ததில்லை. மழையில் சுவர் நனையும், மழை விட்டால் வீட்டுக்குள் நின்றே பலகைச் சந்தில் வெளிச்சம் பார்க்கலாம். என் அப்பா இறந்த பிறகு தம்பி அந்தச் சுவருக்கு உள்ளே பிளைவுட் அடித்து, சந்து தெரியாமல் பூசி, அழகாகச் செய்தான். அம்மா மட்டும் தினமும் சுவரை முகர்ந்து பார்ப்பார். "வீடு மூச்சு விடல" என்பார். தலைமுறை தாண்டி நின்ற பலகை, அடைத்த பிறகு கீழ்வரிசையிலிருந்து உளுத்தது. அம்மா சுவரில் முகம் வைத்து நின்ற அந்த நிலை எனக்கு மறக்காது.

டபிள்யூபிசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது சூட்டில் நீளவாக்கில் நீளும். முனைகளில் இடம் விடாமல் முட்டி அடித்தால் நடுவில் வில்லாக வளையும். என் பக்கத்து வீட்டில் நடந்தது. அதற்கும் வேலை தெரிந்த ஆள் வேண்டும்.

பேட்டன் ரூஜ் அக்கா எழுதியது:

எல்லாரும் வெளிப்பக்கம் பேசுகிறீர்கள். அமெரிக்காவில் லூசியானாவிலுள்ள எங்கள் வீட்டில் வெளியே சைடிங் நன்றாகவே இருந்தது.

மே மாதம், ஏசி முழுவேகம். படுக்கையறை அலமாரியை நகர்த்தியபோது பின்சுவரில் ரோஜா நிறத் திட்டுகள். குழந்தை ஏதோ கிறுக்கியிருக்கிறது என்று துடைத்தேன், போகவில்லை. வினைல் சுவர்த்தாளின் ஓரத்தைக் கிள்ளி இழுத்தேன். தாள் ஈரமாகக் கழன்று வந்தது, பின்னால் ஜிப்சம் பலகை முழுக்கப் பூசணம். என் கணவருக்கு ஆஸ்துமா. அவர் தலை வைத்துப் படுக்கும் பக்கம் அது.

பார்த்த இன்ஸ்பெக்டர் விளக்கியது இதுதான். மழையில் நனைந்த பலகை மேல் வெயில் அடித்தால் ஈரம் ஆவியாகி வெளியே மட்டும் போகாது, சூடான பக்கத்திலிருந்து குளிர்ந்த பக்கத்துக்கு, அதாவது வீட்டுக்குள்ளும் தள்ளப்படும். உள்ளே ஏசி குளிரில் இருக்கும் சுவரில் வினைல் தாள் அதைத் தடுத்து நிறுத்திவிடும். அங்கேயே தண்ணீராகும். குளிர்நாட்டில் உள்பக்கம் பாலிதீன் போடும் பழக்கத்தை இந்த ஊருக்கு அப்படியே கொண்டுவரக் கூடாதாம். நம் ஊரிலும் இப்போது அறைக்கு அறை ஏசி, சுவருக்குச் சுவர் வினைல். அதனால்தான் எழுதுகிறேன்.

சிவில் தாம்பரம் எழுதியது:

தெலுக் இந்தான் அண்ணே, சரி, கீழ்விளிம்பை அடைக்கச் சொன்னதை எடுத்துக்கொள்கிறேன். பூச்சி விஷயத்தில் நான் மாறவில்லை. குளவிக்கூட்டைக் கலைத்துக் கொட்டு வாங்கியவனுக்குத்தான் தெரியும்.

நாஞ்சில் உளி எழுதியது:

தம்பி, இடைவெளியின் மேலும் கீழும் துருப்பிடிக்காத மெஷ் மடித்து அடித்தால் குளவி போகாது, காற்று போகும், தண்ணீர் இறங்கும். பலகை படுக்கைவாட்டில் என்றால் ரீப்பர் நெடுக்குவாட்டில். அப்போதுதான் பின்னால் வந்த தண்ணீர் நேராகக் கீழே போகும். பலகையே நெடுக்காக நின்றால் முதலில் நெடுக்கு ரீப்பர், அதன் மேல் குறுக்கு ரீப்பர். வெறும் குறுக்கு ரீப்பர் மட்டும் அடித்தால் ஒவ்வொன்றின் தலையிலும் தண்ணீர் தங்கும். ரீப்பருக்கும் மருந்து ஏற்ற வேண்டும், அதுதான் அதிகம் நனைவது.

கானாத்தூர் காற்று எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. வெளிறிய பட்டை இருந்தது நாஞ்சில் தம்பி, நாலு பலகையில் பார்த்தேன். பழையதை முழுக்க இறக்கியாகிவிட்டது. புதிய ஆசாரி 20 மில்லிமீட்டர் ரீப்பருக்கு ஒத்துக்கொண்டார், பின்பக்கமும் எண்ணெய் பூசச் சம்மதித்தார். திருகாணியில்தான் பிரச்சினை. ஜிங்க் பூசினது போதும் என்கிறார். கழற்றிய பலகைகளில் ஒவ்வொரு திருகாணியைச் சுற்றியும் கறுப்புக் கறை ஒழுகியிருக்கிறது. முந்திரி ஓட்டு எண்ணெயும் எங்கே கிடைக்கும் என்று சொல்லுங்கள்.

நாஞ்சில் உளி எழுதியது:

அந்தக் கறுப்பு, தேக்கின் சத்தும் இரும்பும் சேர்ந்து வருவது. கடலுக்கு அவ்வளவு பக்கத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் திருகாணியிலும் 304 ரகம் வேண்டாம், 316 ரகம் என்று கேட்டு வாங்குங்கள், விலை கூடுதல்தான். எண்ணெய் எங்கள் பக்கம் படகு வேலைக்கு விற்கும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். கையுறை போடாமல் தொடாதீர்கள், தோல் புண்ணாகும். நிறம் கறுப்பாக ஏறும் என்பதால் முகப்புக்கு வேண்டாம், முனைக்கும் ரீப்பருக்கும் மட்டும். பலகை வந்ததும் நிழலில் அடுக்கி, நடுவே குச்சி வைத்து, உங்கள் ஊர்க் காற்றிலேயே சில வாரம் கிடக்கட்டும். ஈரமானி கிடைத்தால் பாருங்கள், 20 சதவீதத்துக்கு மேல் காட்டினால் சுவரில் ஏற்ற விடாதீர்கள்.