வளவு வீட்டில் விருந்தாளி சிகரெட் பிடித்தால் முன்பணத்தில் பிடிக்கலாமா?

வளவுக்காரன்:
செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கம் எங்கள் பங்குக்கு வந்த வளவு வீட்டில், அதாவது முற்றத்தைச் சுற்றி அறைகள் உள்ள பழைய வீட்டில், நான்கு அறைகளை நாள் வாடகைக்கு விடுகிறோம். ‘வீட்டுக்குள் புகைக்கக் கூடாது, மீறினால் 5,000 ரூபாய்’ என்று முன்பதிவிலும் இருக்கிறது, அறைக் கதவிலும் ஒட்டியிருக்கிறது. போன வாரம் வந்த நான்கு நண்பர்கள் கதவைச் சாத்தி ஏசியைப் போட்டுக்கொண்டு இரண்டு ராத்திரியும் ஊதியிருக்கிறார்கள். அறை கூட்டப் போன அக்கா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். மாடக்குழியில் அழகுக்கு வைத்திருந்த பித்தளைப் பன்னீர்ச் செம்பு. தலையைத் திருகி எடுத்துவிட்டு உள்ளே பதினொரு துண்டு போட்டிருக்கிறார்கள். கழுத்து குறுகல், விரல் நுழையாது. ஈர்க்குச்சியை விட்டுக் கிண்டி எடுத்தோம். 5,000 பிடித்துக்கொண்டு மீதியை அனுப்பினேன். ‘பகல் கொள்ளை’ என்று எழுதி ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டார்கள். நான் செய்தது தப்பா?

பல்லவன்_பயணி:
செம்பில் போட்டது அசிங்கம், அதை விடுங்கள். ஆனால் 5,000 அதிகம்தான் அண்ணே. நானும் பிடிக்கிறவன். வெளியே போ என்றால் போகிறோம், எங்கே போவது? போன தை மாதம் உங்கள் பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் தங்கினேன். ஒன்பதரைக்கு முகப்புக் கதவைப் பூட்டி, ஒரு முழ நீளச் சாவியைக் காவல்காரர் இடுப்பில் செருகிக்கொண்டு படுத்துவிட்டார். அப்புறம், பர்மாவுக்குப் போய் வந்த உங்கள் பெரியவர்கள் சுருட்டே பிடிக்கவில்லையா? தேக்கு வந்த கப்பலில்தானே அதுவும் வந்திருக்கும்?

மூன்றாம்_கட்டு:
நானும் இதே தொழில்தான், ஆத்தங்குடிப் பக்கம். 5,000 குறைவு என்பேன். வளவு அறைகள் எப்படி என்று தங்கிப் பார்த்தவருக்குத் தெரியும். சின்ன அறை, சின்ன ஜன்னல், கதவு திறந்தால் முற்றத்துத் தாழ்வாரம். ஓர் அறையில் ஊதினால் தாழ்வாரத்தைச் சுற்றி அத்தனை அறைக்கும் போகும். ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை இழுப்பதில்லை, உள்ளே இருக்கிறதையே சுற்றிச் சுற்றி விடும். வடிகட்டியில் படிந்தது அடுத்த விருந்தாளி ஏசியைப் போட்டதும் அவர் முகத்தில் வீசும். மெத்தை, திரை, சுவரில் படிந்த நிகோடின் மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றுக்குத் திரும்பும். சாம்பிராணி போட்டால் ஒரு மணி நேரம் மறைக்கும், அவ்வளவுதான்.

இணையத்தில் வினிகர் போட்டுத் துடை என்பார்கள். யாரும் செய்துவிடாதீர்கள். நம் சுவர் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து மெருகேற்றியது. புளிப்புப் பட்டால் மெருகு அரித்துப் போகும். ஆத்தங்குடிக் கல்லும் சிமெண்டுதான், அதற்கும் ஆகாது. எங்கள் வீட்டில் ஒரு பையன் செய்து, முழங்கை உயரத்தில் ஒரு வெளிறிய பட்டை இன்னும் நிற்கிறது.

வளவுக்காரன்:
சுருட்டு விஷயம்: எங்கள் ஐயா பிடித்தவர்தான், ஒளிக்க ஒன்றும் இல்லை. முகப்புத் திண்ணையோடு சரி. உள்ளே சாமி வீடு இருக்கிறது. அப்பத்தா வளவுக்குள் விட்டதில்லை.

சட்டப்புத்தகம்:
இரண்டு தனி விஷயத்தைப் போட்டுக் குழப்புகிறீர்கள். 2003ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டப்படி பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம். தங்கும் இடங்களில் 30 அறைக்குக் குறையாத ஹோட்டல்தான் புகைக்கத் தனி இடம் ஒதுக்கலாம். அந்த அபராதம் அரசுக்குப் போவது. நீங்கள் பிடித்தது ஒப்பந்தப்படி நஷ்டஈடு. அங்கே 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், பிரிவு 74 வருகிறது. எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான ஈடு எவ்வளவோ அதுதான் கிடைக்கும். 5,000 என்று ஒட்டிவிட்டதால் 5,000ம் உங்களுடையதாகிவிடாது. கணக்கு எங்கே?

பல்லவன்_பயணி:
அதே சட்டத்தில் திறந்தவெளி பொது இடத்தில் சேராது என்று இருக்கிறதல்லவா? முற்றத்துக்கு மேலே வானம்தான். அங்கே பிடித்தால்?

மூன்றாம்_கட்டு:
தம்பி, அந்த முற்றத்தில் நாங்கள் வற்றல் காய வைக்கிறோம். சட்டம் விட்டாலும் வீட்டுக்காரி விடமாட்டாள்.

வளவுக்காரன்:
சரி, உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நாற்றம் போகாமல் ஒரு நாள் அறையைக் காலியாக வைத்தது 2,800. திரை, போர்வை சலவை 450. ஏசி கழுவ 600. மொத்தம் 3,850. மீதி 1,150ஐ இன்று அனுப்பிவிட்டேன், பில்லும் படமும் சேர்த்து. நட்சத்திரம் இன்னும் ஒன்றுதான்.

மூன்றாம்_கட்டு:
அனுப்பியிருக்கவே கூடாது. இனி அதையும் காட்டி ‘பாருங்கள், தப்பை ஒப்புக்கொண்டார்’ என்று எழுதுவார்கள். அந்த அக்கா ஈர்க்குச்சியோடு உட்கார்ந்த அரை நாளைக் கணக்கில் காணோமே?

வளவுக்காரன்:
அது விட்டுப்போய்விட்டது. அக்காவுக்கு நான் தனியாகக் கொடுத்துவிடுகிறேன். மணல் போட்டு ஒரு மண்சட்டி வைப்பதாக இருக்கிறேன். பின்கட்டுக் கிணற்றடியில் வைக்கலாமா?

பல்லவன்_பயணி:
ராத்திரி பதினொரு மணிக்குக் கிணற்றடிக்கு எவன் அண்ணே போவான்? திண்ணையில் வையுங்கள். அந்தக் கதவுச் சாவியையும் எங்கள் கண்ணில் படும்படி மாட்டுங்கள்.