ஹெல்சிங்கியிலிருந்து கப்பலில் தாலின்: அம்மாவுடன் போக ஒரு நாள் போதுமா?

கேள்வி

ஜூனில் வேலையாக பின்லாந்தின் தலைநகர் ஹெல்சிங்கி போகிறேன், அம்மாவும் கூட வருகிறார். ஒரு சனி, ஞாயிறு சும்மா இருக்கும். கடலுக்கு அந்தக் கரையில் எஸ்தோனியாவின் தலைநகர் தாலின், கப்பலிலேயே போய்விடலாம் என்கிறார்கள். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி, நிறையப் படி ஏறினால் மறுநாள் சிரமம். ஆனால் கோட்டை, பழைய ஊர் என்றால் அவருக்கு உயிர். காலையில் போய் மாலையில் திரும்பினால் போதுமா? ஒருமுறை மட்டும் நுழையும் ஷெங்கன் விசாதான் (பல ஐரோப்பிய நாடுகளுக்கும் சேர்த்து ஒரே விசா) இருக்கிறது, அது சிக்கலாகுமா?

பதில் 1

விசா பிரச்சினை இல்லை, இரண்டு நாடுகளும் ஷெங்கனுக்குள்தான். 2011 முதல் அங்கேயும் யூரோதான். பாஸ்போர்ட்டை மட்டும் அறையில் வைத்துவிட்டுக் கிளம்பாதீர்கள். கடல் சுமார் 80 கிலோமீட்டர், பெரிய கப்பலில் இரண்டு, இரண்டரை மணி நேரம்.

டிக்கெட்டில் எந்தத் துறை என்று கட்டாயம் பாருங்கள். ஹெல்சிங்கியில் சில கப்பல்கள் மேற்குத் துறைமுகத்திலிருந்தும், சில கதயனொக்காவிலிருந்தும் கிளம்புகின்றன. நான் முதல் தடவை தப்பான இடத்தில் போய் நின்று, டிராம் பிடித்து மறுபக்கம் போய்ச் சேர்வதற்குள் ஆள் ஏற்றுவதை நிறுத்திவிட்டார்கள், டிக்கெட் காசு போனதுதான். ஊர் சின்னது, என்னைக் கேட்டால் ஒரு நாள் போதும்.

பதில் 2

கப்பல் பற்றிச் சொன்னது சரி, ஒரு நாள் போதும் என்பதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. பகலில் அங்கே இருப்பது முக்கால்வாசி உங்களைப் போலக் கப்பலில் வந்த கூட்டம். மாலைக் கப்பல்கள் போன பிறகு நகரசபை முன்னால் உள்ள சதுக்கத்தில் போய் உட்காருங்கள், ஜூனில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும், அந்த நேரத்தில்தான் அது ஊர் மாதிரி இருக்கிறது. சதுக்கத்தின் மூலையில் ஒரு மருந்துக்கடை, 1422-லேயே ஏட்டில் இருக்கிறது, இன்றும் மருந்து விற்கிறார்கள்.

போகும்போது கடைசி அரை மணி நேரம் அம்மாவை மேல்தளத்துக்குக் கூட்டிப்போங்கள். காற்று குளிரும், சால்வை வேண்டும். முதலில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு, அப்புறம் அதிலிருந்து ஊசி போல ஒலேவிஸ்தே தேவாலயத்தின் கோபுரம், கிட்டத்தட்ட 124 மீட்டர். நூற்றாண்டுகளாக மாலுமிகள் அதைப் பார்த்துத்தான் கரையை அடையாளம் கண்டார்கள். விமானத்தில் போனால் இது கிடைக்காது.

முழங்காலுக்கு: பழைய ஊரின் மேல்பகுதி, மேட்டில் இருக்கும் தோம்பேயா. அதற்கு ஏற இரண்டு பழைய வழிகள். ஒன்றின் பெயர் 'நீளக்கால்', மற்றது 'குட்டைக்கால்'. குட்டைக்காலில் படிகள், அதை விட்டுவிடுங்கள். நீளக்கால் சரிவாக ஏறும் தெரு, நின்று நின்று போகலாம். தெருவெல்லாம் கல் பாவியது, தட்டையான செருப்பு வேண்டாம், பிடிப்பான ஷூ போடச் சொல்லுங்கள்.

பதில் 3

துறைமுகத்திலிருந்து பழைய ஊருக்கு நடந்தே போகலாம், கால் மணி நேரம் கூடக்குறைய. கடற்கரை வாசல் பக்கமாக நுழையுங்கள், தடித்த மார்கரெட் என்ற பருத்த கோபுரம் அங்கேதான் இருக்கிறது. பக்கத்துப் புல்மேட்டில் வளைந்து வந்து நடுவில் அறுந்து நிற்கும் ஓர் இரும்புக் கோடு உண்டு. 1994 செப்டம்பர் 28 அன்று, தாலினிலிருந்து ஸ்டாக்ஹோம் போகும் வழியில் மூழ்கிய 'எஸ்தோனியா' என்ற கப்பலின் நினைவு அது, 852 பேர் இறந்தார்கள். நான் போனபோது கீழே யாரோ புதுப் பூ வைத்திருந்தார்கள். நாமும் அதே கடலில் வந்து இறங்கியவர்கள், ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

கேட்டவர்

மூன்று பேருக்கும் ரொம்ப நன்றி. இரவு தங்குவதென்று முடிவு செய்துவிட்டோம். சனி காலைக் கப்பல், மேற்குத் துறைமுகம், இரண்டு முறை பார்த்துவிட்டேன். பழைய ஊருக்குள்ளேயே அறை பார்த்திருக்கிறேன், லிஃப்ட் இருக்கிறதா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். அம்மா இப்போதே சால்வையை எடுத்து வைத்துவிட்டார்.