பேர்கனில் ஒரு வார இறுதி: போய் வந்தவர்களும் அங்கே வாழ்பவர்களும் சொன்னவை

தூவானம் (இலண்டன்)

நோர்வேயின் மேற்குக் கரையிலுள்ள பேர்கன் நகருக்கு, வெள்ளி மாலை புறப்பட்டு ஞாயிறு இரவு திரும்பும்படியாக ஒரு குறும்பயணம் போக எண்ணியுள்ளோம். நாங்கள் இருவர், பத்து வயது மகன், எங்களுடன் வசிக்கும் என் அம்மா ஆகிய நால்வர். ஒக்ரோபர் பாடசாலை விடுமுறையில் போவதா, மே மாத இறுதி விடுமுறைவரை பொறுப்பதா என்று இன்னும் முடிவாகவில்லை. பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியல்களை வேண்டிய அளவு படித்தாகிவிட்டது. நேரில் போனவர்களும் அங்கே வாழ்பவர்களும் தங்களுக்கு நேர்ந்ததைச் சொன்னால் உதவியாக இருக்கும். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. அவர் இன்னமும் இலங்கைக் கடவுச்சீட்டே வைத்திருக்கிறார்.

நெத்தலி (ஒஸ்லோ)

முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள். மற்றவை அதன் பின்னால் தானாக ஒழுங்குக்கு வரும். அத்திலாந்திக்கிலிருந்து வரும் ஈரக்காற்று பேர்கனைச் சூழ்ந்திருக்கும் மலைகளில் மோதி மேலெழும்போது மழையாகக் கொட்டுவதால், அந்நகரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீற்றருக்கும் அதிகமாக மழை பெய்கிறது. 2006 ஒக்ரோபர் இறுதியில் தொடங்கிய மழை 85 நாட்கள் ஒரு நாளும் விடாமல் பெய்ததை அவ்வூரார் இன்றைக்கும் ஒருவிதப் பெருமையோடு சொல்வார்கள். செப்ரெம்பர் முதல் டிசெம்பர் வரை மழை அதிகம். ஏப்ரல் முதல் ஜூன் வரை குறைவு. மே மாத இறுதியில் இரவு பத்தரை மணிக்குத்தான் சூரியன் மறையும் என்பதால், பகலில் மழை பெய்து கெடுத்தாலும் இரவு உணவுக்குப் பின் மலை ஏற உங்களுக்கு வெளிச்சம் மிஞ்சியிருக்கும். ஒக்ரோபர் இறுதியிலோ மாலை ஐந்து, ஆறு மணிக்கே இருட்டிவிடும். இரண்டு நாள் பயணத்தில் இந்த வேறுபாடு ஏறக்குறைய ஒரு முழு நாளுக்குச் சமம்.

மழையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. வானிலை வரைபடங்களில் நாம் காணும் குளிர்முகப்பு, வெப்பமுகப்பு (குளிர்ந்த காற்றும் சூடான காற்றும் சந்திக்கும் எல்லைகள்) என்ற கருத்துக்கள், வில்ஹெல்ம் பியெர்க்னஸ் 1917இல் பேர்கனுக்கு வந்து சேர்த்த ஆய்வாளர் குழுவிடம் பிறந்தவை. வானத்தை அண்ணாந்து பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லாத ஊரில் அக்கலை வளர்ந்ததில் வியப்பில்லை.

ஆகவே இடங்களை நேரப்படி அடுக்காதீர்கள். கூரைக்குக் கீழே பார்க்கக்கூடியவை, வெட்டவெளியில் பார்க்க வேண்டியவை என்று இரண்டாகப் பிரித்துக்கொண்டு, நோர்வே வானிலை நிறுவனத்தின் 'யூர்' செயலியில் மணிவாரியான முன்னறிவிப்பைக் காலையில் பார்த்து முடிவெடுங்கள். குறிப்பாக, புளோயன் மலைக்கு நாளும் நேரமும் குறிக்க வேண்டாம். மீன் சந்தைக்கு அருகிலிருந்து புறப்படும் கம்பிவடத் தொடருந்து 1918 முதல் ஓடுகிறது; சில நிமிடங்களில் 320 மீற்றர் உயரத்துக்குக் கொண்டுபோய் விடும். முகில் விலகியதைக் கண்டதும் கைபேசியிலேயே பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு ஏறிவிடலாம். உல்லாசக் கப்பல்கள் வந்து நிற்கும் நாட்களில் நண்பகல் வரிசை தெருவரை நீளும். அந்நாட்களில் காலை ஒன்பதுக்கு முன்னரோ மாலை ஆறுக்குப் பின்னரோ செல்லுங்கள்.

குடை கொண்டுபோகாதீர்கள். அங்கே மழை பக்கவாட்டில் வரும். காற்றில் முறிந்த குடைகள் குப்பைத்தொட்டிகளில் தலைகீழாகக் கிடப்பதைப் பார்ப்பீர்கள். தலைமூடியுள்ள மழைச்சட்டையும் ஈரம் புகாத சப்பாத்தும் நால்வருக்கும் வேண்டும். நான் மேலே போயிருந்தபோது தூறல் வலுத்துவிட்டது, ஒதுங்கி நின்ற இடத்தில் ஒரு முதியவர், நான் எந்த நாட்டவன் என்று கேட்காமலே, "தமிழரா?" என்றார். எண்பதுகளில் வடக்கே பின்மார்க்கில் ஒரு மீன் பதனிடும் ஆலையில் மேற்பார்வையாளராக இருந்தாராம்; தம்மோடு வேலை செய்த யாழ்ப்பாணத்து இளைஞர்கள் மதிய உணவுக்குக் கொண்டுவந்த கறியின் உறைப்பைப் பற்றியே மழை விடும்வரை பேசினார். கீழே நகரம் ஒன்றும் தெரியவில்லை. அந்த ஏற்றத்துக்கு அதுவே போதுமாக இருந்தது.

வேப்பம்பூ (பேர்கன்)

நெத்தலி அண்ணா சொன்ன மழைக்கணக்கு சரியே. நான் இங்கே வாழ்பவள் என்பதால், ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எச்சரிக்க வேண்டியிருக்கிறது. நோர்வேயில் சட்டப்படி ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். நூறு சதுர மீற்றருக்கு உட்பட்ட சிறிய பலசரக்குக் கடைகள், எரிபொருள் நிலையங்கள் போன்ற சிலவே விதிவிலக்கு. அவற்றில் விலை கூடுதல். சென்ற கோடையில் எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர்கள், பரிசுப் பொருட்கள் வாங்குவதைக் கடைசி நாளுக்கு ஒதுக்கியிருந்தார்கள். ஞாயிறு காலை அவர்களோடு நகர மையத்தில் நடந்தபோது, கதவு பூட்டிய கண்ணாடிகளுக்குப் பின்னால் இருந்த கம்பளிச் சட்டைகளைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பியதுதான் மிச்சம். வாங்க வேண்டியதைச் சனி மாலைக்குள் வாங்கிவிடுங்கள். ரேமா 1000, கிவி போன்ற கடைகளில் ஞாயிறுக்கான பாணும் பழமும் அன்றே எடுத்து வையுங்கள். பியர் குடிப்பவர்கள் இருந்தால், சனியன்று மாலை ஆறுக்குப் பின் கடைகளில் அதை விற்கமாட்டார்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள். தண்ணீர் வாங்க வேண்டியதே இல்லை; குழாய்த் தண்ணீர் நல்லது.

விடுதியில் காலை உணவு சேர்ந்த அறையாகப் பாருங்கள். இங்கே உணவகத்தில் நால்வர் ஒருவேளை சாப்பிடும் செலவு இலண்டன்காரரையும் திடுக்கிட வைக்கும். மீன் சந்தையைச் சுற்றிப் பாருங்கள், ஆனால் சாப்பிடுவதற்கு முன் விலைப்பலகையை இரண்டு முறை வாசியுங்கள். எங்கள் ஊரவர்கள் அங்கே அதிகம் சாப்பிடுவதில்லை என்பதே என் தீர்ப்பைச் சொல்லிவிடும். மகனுக்கு வெதுப்பகமொன்றில் கறுவா மணக்கும் 'ஷில்லிங்ஸ்பொல்லே' வாங்கிக் கொடுங்கள், அது இந்த ஊருக்கே உரிய பணிஸ்.

பிரிக்கன் என்னும் பழைய துறைமுகப் பகுதியின் மரவீடுகளை எல்லோரும் நீர்ப்பக்கமிருந்து படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அவற்றின் பெருமை முகப்பில் இல்லை. இரு வீடுகளுக்கிடையே உள்ள ஒடுங்கிய சந்துக்குள் நுழைந்தால்தான் தெரியும். காலடியில் பலகை, இருபுறமும் பலகைச் சுவர், தலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் மாடிநடைகள். நிலம் அமிழ்ந்ததால் சில கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும். மழைநாளில் கூரை விளிம்புகளிலிருந்து வடியும் நீர் பலகையில் விழும் ஒலியும் தார் மணமும் சேர்ந்து வரும். ஆகையால், இதை மழைக்கு ஒதுக்கிய பட்டியலிலேயே சேர்க்கலாம். ஆனால் நனைந்த பலகை வழுக்கும். அம்மாவுக்கு ஒரு கை பிடிக்க ஆள் வேண்டும்.

ஏறக்குறைய 1360இலிருந்து 1754 வரை இங்கே ஹன்சா என்னும் வணிகக் கூட்டமைப்பைச் சேர்ந்த ஜெர்மானிய வணிகர்களின் அலுவலகம் இருந்தது. வடக்கிலிருந்து வந்த உலர்ந்த கொட் மீனை வாங்கித் தானியத்தைக் கொடுப்பது அவர்களுடைய வியாபாரத்தின் முதுகெலும்பு. அந்த மீன் நம்முடைய கருவாட்டைப் போன்றதல்ல. உப்பே போடாமல், குளிர்காற்றில் தொங்கவிட்டே உலர்த்துவார்கள். வணிகர்கள் இங்கே திருமணம் செய்துகொள்ளவும் அனுமதியில்லை. மரவீடுகளில் தீ பரவும் அச்சத்தால் வீடுகளுக்குள் நெருப்பு மூட்டத் தடை இருந்தது. சமையலும் குளிர்காய்தலும் பின்னால் இருந்த 'ஷோட்ஸ்டுவனே' என்ற பொதுக்கூடங்களில் மட்டுமே. அத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும் 1702இல் எல்லாம் எரிந்துபோனது. இன்று நாம் காண்பது பழைய அமைப்பை ஒட்டி அதன்பின் எழுப்பப்பட்டது. 1979இல் அது உலக மரபுச் சின்னமானது. 1955இல் மீண்டும் ஒரு பகுதி எரிந்தபோது, சாம்பலுக்கடியில் அகழ்ந்த இடத்தில் ரூன் என்னும் பழைய வட ஐரோப்பிய எழுத்து கீறிய மரத்துண்டுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன. பொருளின் உரிமையாளர் பெயர், கடிதம், காதல் என்று அன்றாட விடயங்கள் அவற்றில் உண்டு. பிரிக்கன் அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்த்த என் மகள், "இது அந்தக் காலத்துக் குறுஞ்செய்தி" என்றாள். உங்கள் மகனுக்கும் பிடிக்கும். உள்ளே உட்கார இடமும் இருப்பதால் அம்மாவுக்கும் வசதி.

நெடுந்தூரன் (பாரிஸ்)

மேலே எழுதியவர்கள் இருவரும் நகரத்துக்குள்ளேயே உங்களைக் கட்டிப்போடுகிறார்கள் என்பது என் கருத்து. நோர்வேக்குப் போய், மலைகளுக்கிடையே நிலத்துக்குள் நீளும் கடற்கழியான ஃபியோர்டைப் பார்க்காமல் திரும்புவதில் என்ன பொருள்? நாங்கள் சனிக்கிழமை விடியற்காலையில் பேர்கனில் தொடருந்து ஏறி வொஸ்ஸுக்குப் போனோம். அங்கிருந்து பேருந்தில் குட்வாங்கன், படகில் நேரொய்ஃபியோர்ட் வழியாக புளோம், பிறகு புளோம் தொடருந்தில் மிர்டால், மறுபடி பேர்கன். அந்த ஃபியோர்ட் மிக ஒடுங்கும் இடத்தில் அகலம் 250 மீற்றர்தான். இருபக்கமும் செங்குத்தாக எழும் பாறைகளின் நடுவே இரண்டு மணிநேரம் படகுத் தளத்தில் நின்றோம். புளோம் பாதை ஏறக்குறைய 20 கிலோமீற்றரில் 860 மீற்றருக்கு மேல் ஏறுகிறது. களைப்புத்தான், ஆனால் பிள்ளைகள் இன்றும் அந்த நாளைத்தான் பேசுகிறார்கள்.

வேப்பம்பூ (பேர்கன்)

நெடுந்தூரன் அண்ணா சொல்லும் வழி அழகானது என்பதை மறுக்கவில்லை. ஆனால் வெள்ளி இரவு வந்து ஞாயிறு திரும்புபவர்களுக்கு அது இருக்கின்ற ஒரே முழு நாளையும் விழுங்கிவிடும். இடையில் நான்கு முறை வாகனம் மாற வேண்டும். ஒரு காலைத் தூக்கி வைப்பதையே யோசித்துச் செய்பவரை அந்த ஓட்டத்துக்கு இழுப்பது நியாயமில்லை. மீன் சந்தைக்குப் பக்கத்திலிருந்தே ஒஸ்டர்ஃபியோர்ட் வழியாக மூஸ்திரௌமன் நீரிணைவரை சென்று திரும்பும் படகு இருக்கிறது. ஏறக்குறைய மூன்றரை மணிநேரம். கண்ணாடிக்கு உட்புறமாக அமர்ந்தே பார்க்கலாம். ஓர் அருவிக்கு அருகில் படகை நிறுத்தி வாளியில் நீர் பிடிப்பார்கள். என் மாமியாரை அதில்தான் அழைத்துச் சென்றேன். முழுநேரமும் சூடான கோப்பியும் சன்னலோரமும் என்று மகிழ்ச்சியாக இருந்தார்.

விமான நிலையத்துக்கும் நகருக்கும் இடையே வாடகைக் கார் தேவையில்லை. 'பீபானன்' என்னும் நகரத் தொடருந்து 2017 முதல் விமான நிலையம்வரை ஓடுகிறது. மையத்துக்கு முக்கால் மணிநேரம், கட்டணம் சாதாரண நகரப் பயணச்சீட்டுத்தான். ஏறும் இடத்தில் தடுப்புக் கதவு ஏதும் இல்லாததால் சீட்டு வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். பரிசோதகர்கள் வருவார்கள், தண்டப்பணம் கடுமையானது. நிலையத்தின் வெளியே 'பேர்கன்?' என்று கேள்விக்குறியோடு நிற்கும் பேரெழுத்துக்களை மகன் கட்டாயம் கவனிப்பான்.

ஞாயிறன்று அதே பாதையில் 'ஹொப்' நிறுத்தத்தில் இறங்கி, இசையமைப்பாளர் எட்வர்ட் கிறீக் 1885 முதல் வாழ்ந்த துரோல்ட்ஹௌகன் வீட்டைப் பார்க்கலாம். நிறுத்தத்திலிருந்து இருபது நிமிடங்களுக்குமேல் நடை என்பதால் அம்மாவை மட்டும் வாடகைக் காரில் கூட்டிச் செல்லுங்கள். நீரோரத்தில் கிறீக் இசை எழுதிய சிறு குடிசை இன்னமும் நிற்கிறது. பெட்டிகளை விடுதியிலோ தொடருந்து நிலையப் பெட்டகத்திலோ வைத்துவிட்டுப் போனால், திரும்பி வந்து எடுக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சிறு பைகளோடு மட்டும் வந்தால் அங்கிருந்தே நேராக விமான நிலையத்துக்குப் போய்விடலாம்.

நெத்தலி (ஒஸ்லோ)

அம்மாவின் கடவுச்சீட்டு விடயம் விடுபட்டுவிட்டது. பிரித்தானிய வதிவிட அனுமதி இருந்தாலும் இலங்கைக் கடவுச்சீட்டுக்கு ஷெங்கன் (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான) விசா வேண்டும். நோர்வே ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் ஷெங்கனில் இருக்கிறது. பயணம் முழுவதும் நோர்வேயிலேயே என்பதால் நோர்வேக்கே விண்ணப்பியுங்கள். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மே மாதத்தைத் தேர்ந்தால், 17ஆம் திகதி தேசிய தினம் என்பதையும், அம்மாதத்தில் கடைகள் மூடும் வேறு பொதுவிடுமுறைகளும் வருவதையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். விசா கைக்கு வரும்வரை, பணம் திருப்பித் தராத விடுதிப் பதிவு எதையும் செய்யவேண்டாம்.