ஹார்ட்டெயிலுக்கு சஸ்பென்ஷன் சீட்போஸ்ட் எது எடுக்கலாம்? அவசரம்

காட்டுவழி | இரவு 8:14
வணக்கம் நண்பர்களே. 29 இன்ச் ஹார்ட்டெயில் (பின்னாடி சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிள்) ஓட்டுறேன். முன்னாடி ஃபோர்க் 100 மி.மீ., அதுல குறை இல்ல. பின்னாடிதான் அடி தாங்கல, ஒரு மணி நேரத்துல வால் எலும்பு வலி எடுத்துடுது. சஸ்பென்ஷன் சீட்போஸ்ட் போட்டா சரியாகும்னாங்க. சன்டூர் என்சிஎக்ஸ்னு ஒரு போஸ்டை கார்ட்ல போட்டாச்சு, தள்ளுபடி இன்னிக்கு ராத்திரி 12 மணியோட முடியுது. எடுக்கலாமா, வேற நல்லது இருக்கா? சீக்கிரம் சொல்லுங்க.

ஸ்போக்_கீ | 8:21
சைஸ் சொல்லலையே. 27.2, 30.9, 31.6 மி.மீ. விட்டம் மூணுலயும் வருது. இப்ப இருக்கிற போஸ்டை உருவுங்க, செருகல் கோட்டுக்கு (குறைஞ்சது அதுவரைக்கும் போஸ்ட் ஃப்ரேமுக்குள்ள இருக்கணும்) பக்கத்துல அடிச்சிருக்கும். அழிஞ்சிருந்தா வெர்னியர் வெச்சு அளங்க. ஸ்கேல் வேண்டாம், 30.9க்கும் 31.6க்கும் நடுவுல 0.7 மி.மீ.தான். 30.9 போஸ்டை 31.6 குழாயில விட்டு க்ளாம்பை முறுக்கினா பிடிச்ச மாதிரிதான் இருக்கும். ஓட்ட ஓட்ட இறங்கும், இன்னும் முறுக்குவீங்க, கடைசில க்ளாம்புக்குக் கீழ ஃப்ரேம் விரிசல் விடும். விலை குறைஞ்ச ஃப்ரேம்கள்ல 28.6, 29.8, 30.4ன்னு வேற அளவுகளும் உண்டு, கவனம்.

கூடவே உங்க எடை (முதுகுப்பையோட சேர்த்து), டயர் அகலம், காத்து எவ்வளவு, க்ளாம்ப் மேல் விளிம்புல இருந்து சீட்டோட அடிக்கம்பி வரைக்கும் எத்தனை செ.மீ. இதெல்லாம் தெரியணும்.

இணைகரம் | 8:29
எதை எடுத்தாலும் ஒரு குழாய்க்குள்ள இன்னொரு குழாய் இறங்குற டெலஸ்கோப்பிக் வகையை எடுக்காதீங்க. சீட் டியூப் சுமார் 73 டிகிரில பின்னாடி சாஞ்சிருக்கு, உங்க எடையோ நேரா கீழ அழுத்துது. அதனால உள்குழாய் ஒரு பக்கமா சாஞ்சு புஷ்ல (உள்ள இருக்கிற வழுக்கு வளையம்) உரசிப் பிடிச்சுக்கும். சின்னச் சின்ன அதிர்வுக்கு அசையவே அசையாது. பெரிய குழியில மட்டும் டக்குனு இறங்கும். கொஞ்ச நாள்ல புஷ் தேஞ்சு சீட் மூக்கு இடம் வலமா ஆட ஆரம்பிக்கும்.

என்சிஎக்ஸ், தட்பஸ்டர், ரெட்ஷிஃப்ட் ஷாக்ஸ்டாப் மூணும் நாலு மூட்டு வெச்ச இணைகர அமைப்பு. சீட் கீழயும் பின்னாடியும் ஒரு வளைவுல போகும், பின்சக்கர அடி வர்ற திசையும் ஏறக்குறைய அதுதான். உரசல் ரொம்பக் கம்மி. சீட் பின்னால நகர்ந்தபடியே இறங்குறதால பெடலுக்கும் சீட்டுக்கும் உள்ள தூரமும் அவ்வளவா மாறாது. என்சிஎக்ஸ் நல்ல தேர்வு, 50 மி.மீ. ட்ராவல், அதாவது அவ்வளவு தூரம் அமுங்கும். எடைதான் கூட, சுமார் 800 கிராம் வரும்.

காத்துதான்_முதல் | 8:36
போஸ்ட் வாங்குறதுக்கு முன்னாடி டயரைப் பாருங்க. எத்தனை பிஎஸ்ஐ? நிறைய பேர் டயர் ஓரத்துல எழுதியிருக்கிற உச்ச அளவு வரைக்கும் அடிச்சுட்டு, சைக்கிள் குலுக்குதுன்னு சொல்றாங்க. அது தாங்கக்கூடிய எல்லை, ஓட்ட வேண்டிய அளவு இல்ல.

மூத்தசக்கரம் | 8:44
இதே கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது, பழைய இழைகளைத் தேடியிருக்கலாம். ஹார்ட்டெயில் என்பது எழுந்து நின்று ஓட்டும் சைக்கிள். குழி, கல், வேர் வந்தால் பெடலைக் கிடைமட்டமாக வைத்து, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி, இடுப்பைச் சீட்டிலிருந்து எடுக்க வேண்டும். காலை விடச் சிறந்த சஸ்பென்ஷன் கிடையாது. அடிப்படையைப் பழகாமல் பாகத்தை மாற்றுவது ஆரம்பநிலைக்காரர்கள் செய்யும் தவறு.

ஏற்றம்_இறக்கம் | 8:52
இறக்கத்துக்கு நீங்க சொல்றது சரி சார். ஏத்தத்துக்கு அப்படியே ஒட்டாது. ஜல்லி பெயர்ந்த ஏத்தத்துல எழுந்து மிதிச்சா எடை முன்னாடி போய் பின்சக்கரம் வழுக்கும். உட்கார்ந்துதான் ஏறணும், அப்ப ஒவ்வொரு கல்லும் இடுப்புல நேரா இறங்கும். சீட்போஸ்ட் உதவுறது அங்கதான்.

மூத்தசக்கரம் | 8:58
ஏற்றத்தில் வேகம் குறைவு, அடியும் குறைவு. ஸ்பிரிங் வைத்த போஸ்ட் நீங்கள் மிதிக்கும் சக்தியை விழுங்கும்.

இணைகரம் | 9:03
மிதிக்கிற விசை கால் வழியா க்ராங்குக்குப் போகுது, சீட் வழியா போறதில்ல. சீரா மிதிச்சா போஸ்ட் அசையறது சில மி.மீ.தான். ஸ்பிரிங் ரொம்ப மென்மையா இருந்து, நிமிஷத்துக்கு 90 சுத்துக்கு மேல மிதிச்சா இடுப்பு குதிக்கும். பெரும்பாலான போஸ்ட்ல எண்ணெய் டேம்ப்பிங் (குதிப்பை அடக்குற அமைப்பு) இல்லாததுதான் காரணம். ஒரு பல்லு கடினமான கியர் போட்டா நின்னுடும்.

மூத்தசக்கரம் | 9:07
டேம்ப்பிங் இல்லை என்று நீங்களே ஒப்புக்கொள்கிறீர்கள். டேம்ப்பிங் இல்லாத ஸ்பிரிங்கைச் சஸ்பென்ஷன் என்று அழைக்க முடியாது. பின்சக்கரத்தின் பிடிமானமும் இதனால் துளிகூடக் கூடாது. ஃப்ரேம், ரிம், டயர் எல்லாம் அதே அடியைத்தான் வாங்கும்.

இணைகரம் | 9:11
பிடிமானம் கூடும்னு யாரும் சொல்லல, ஓட்டுறவரோட முதுகைப் பத்திப் பேசுறோம். தட்பஸ்டர்ல ஸ்பிரிங்குக்குப் பதில் எலாஸ்டோமர். அந்த ரப்பருக்கே உள் உராய்வு இருக்கு, குதிப்பு அடங்கும்.

காட்டுவழி | 9:15
சைஸ் பார்த்தேன், 31.6. எடை 78. டயர் 2.25, காத்து எப்பவும் 50 வெச்சுக்குவேன், நல்லா டைட்டா இருக்கும். கோத்தகிரி பக்கம் எஸ்டேட் ரோடு, ஒரு நாளைக்கு 25 கி.மீ. அப்போ என்சிஎக்ஸ் ஆர்டர் போட்டுடவா?

காத்துதான்_முதல் | 9:19
50 பிஎஸ்ஐ! 2.25 அகலத்துக்கு, 78 கிலோவுக்கு அது கல்லு மாதிரி. டியூப் போட்ட டயர்னா பின்னாடி 30, முன்னாடி 27ல ஆரம்பிங்க. ரெண்டு நாள் ஓட்டிட்டு 1 பிஎஸ்ஐ, 1 பிஎஸ்ஐயா இறக்குங்க. ரொம்ப இறக்கினா கல்லுல அடிக்கும்போது டியூப் ரிம்முக்கு நடுவுல நசுங்கி, ஒண்ணுக்குப் பக்கத்துல ஒண்ணா ரெண்டு ஓட்டை விழும், பாம்புக்கடி மாதிரி. அது வந்தா 2 பிஎஸ்ஐ ஏத்திடுங்க. ட்யூப்லெஸ்னா இன்னும் நாலஞ்சு குறைக்கலாம். கை பம்ப்ல இருக்கிற சின்ன முள்ளை நம்பாதீங்க, தனி கேஜ் வாங்குங்க. இதைச் செஞ்சுட்டே போஸ்ட் வேணுமான்னு யோசிங்க.

ஏற்றம்_இறக்கம் | 9:24
இன்னொரு விஷயம். வழவழப்பான தார் ரோட்டுல ஒரு மணி நேரம் உட்கார்ந்தாலும் அதே வலி வருதா? வந்தா அது அதிர்வு இல்ல, சீட்தான் காரணம். உட்காரும் எலும்புக்குச் சீட்டோட அகலம் பத்தலன்னா, இல்ல மூக்கு மேல தூக்கியிருந்தா எந்த போஸ்டும் காப்பாத்தாது. ஸ்பிரிட் லெவல் வெச்சு சீட்டை முதல்ல சமமாக்குங்க. கரடுமுரடுல மட்டும் வலின்னா போஸ்ட் பலன் தரும்.

ஸ்போக்_கீ | 9:27
க்ளாம்புக்கு மேல எத்தனை செ.மீ.ன்னு நீங்க இன்னும் சொல்லல. தட்பஸ்டர்ல நீள ட்ராவல் மாடல் எல்டி 90 மி.மீ. ட்ராவல், மூட்டுப் பகுதிக்கே சுமார் 15 செ.மீ. இடம் கேட்கும். குறுகிய ட்ராவல் மாடல் எஸ்டிக்கு சுமார் 10. உங்ககிட்ட அவ்வளவு இடம் இல்லன்னா போஸ்ட் முழுக்க இறங்கினாலும் சீட் உயரமாத்தான் நிக்கும், கால் எட்டாது.

இன்னொரு அளவும் வேணும். போஸ்டை உருவிட்டு ஒரு குச்சியை சீட் டியூபுக்குள்ள விட்டு, எங்க தட்டுதுன்னு அளங்க. பாட்டில் கூடு மாட்டுற திருகு பல ஃப்ரேம்ல உள்ள நீட்டிக்கிட்டு இருக்கும்.

கேரியர்_பாய் | 9:33
எதுக்கு அண்ணா இவ்வளவு அளவு, 27.2 போஸ்டே வாங்கி ஷிம் (இடைவெளியை நிரப்புற குழாய் உறை) போட்டுட்டா எந்த ஃப்ரேமுக்கும் ஆகும்ல?

ஸ்போக்_கீ | 9:38
ஆகும் தம்பி. ஷாக்ஸ்டாப்பை பெரிய ஃப்ரேமுக்கு அப்படித்தான் போடுறாங்க. ஆனா ஷிம் அலுமினியமா, 8 முதல் 10 செ.மீ. நீளமா இருக்கணும். குளிர்பானக் கேனை வெட்டிச் சுத்துறது கூடாது. ஷிம்மோட பிளவும் ஃப்ரேமோட பிளவும் ஒரே நேர்ல வரணும், இல்லன்னா க்ளாம்ப் இறுகினாலும் ஷிம் இறுகாது. அலுமினிய ஃப்ரேம்னா உள்ளயும் வெளியிலயும் லேசா கிரீஸ். கார்பன் ஃப்ரேம்னா கிரீஸ் வேண்டாம், கார்பன் பேஸ்ட். க்ளாம்ப் மேல என்ன நியூட்டன் மீட்டர்னு அடிச்சிருக்கோ அதுக்கு மேல போகாதீங்க, பொதுவா 5லிருந்து 7க்குள்ள இருக்கும்.

மூத்தசக்கரம் | 9:41
ஷிம் என்பது இரண்டு வழுக்கும் பரப்புகள். நேரடியாகச் சரியான அளவு கிடைக்கும்போது ஷிம் தேவையற்றது. இவருக்கு 31.6 கிடைக்கிறதே.

ஸ்போக்_கீ | 9:43
அது சரி சார். கேட்டதுக்குப் பதில் சொன்னேன்.

இணைகரம் | 9:50
போஸ்ட் வந்ததும் செய்ய வேண்டியதையும் எழுதிடறேன். கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டு அளவு குறிச்சுக்குங்க. க்ராங்க் மையத்துல இருந்து சீட் மேல் பரப்பு வரைக்கும் உயரம் ஒண்ணு. சீட் மூக்குல நூல்குண்டு தொங்கவிட்டு, அது க்ராங்க் மையத்துக்கு எத்தனை மி.மீ. பின்னாடி இருக்குன்னு இன்னொண்ணு. இணைகர போஸ்ட் சீட்டைப் பின்னாடி தள்ளி வைக்கும், அதனால கம்பியில சீட்டை முன்னாடி இழுக்க வேண்டி வரும்.

சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு, ஓட்டுற அதே நிலையில உட்காருங்க. போஸ்ட் எவ்வளவு அமுங்குதுன்னு இன்னொருத்தர் அளக்கட்டும். 50 மி.மீ. ட்ராவலுக்கு 10 முதல் 15 மி.மீ. அமுங்கினா சரி. எவ்வளவு அமுங்குதோ கிட்டத்தட்ட அவ்வளவு சீட்டை உயர்த்தி வைங்க. இதை விட்டுட்டு முட்டி வலிக்குதுன்னு போஸ்டைக் குறை சொல்றவங்க அதிகம்.

என்சிஎக்ஸ்ல பிரீலோட் திருகு (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அமுக்கி வைக்கிறது) போஸ்ட்டோட அடியில இருக்கு, எல் கீ போட்டுத் திருப்பணும். திருகு குழாய் விளிம்பைத் தாண்டி வெளிய நீட்டவே கூடாது. முழுசா இறுக்கியும் அடிவரைக்கும் இடிச்சா கடின ஸ்பிரிங் மாத்துங்க. பிரீலோட் ஸ்பிரிங்கைக் கடினமாக்காது, அது எந்த எடையில அசைய ஆரம்பிக்கணும்கிறதைத்தான் மாத்தும்.

ஏற்றம்_இறக்கம் | 9:56
கோத்தகிரின்னா மழையும் சேறும் நிறைய. மூட்டுக்கு உறை தனியா விக்கிறாங்க, சேர்த்து வாங்குங்க. கார் கழுவுற பம்ப் தண்ணியை மூட்டுல நேரா அடிச்சா புஷ்ல இருக்கிற கிரீஸ் போயிடும். மாசம் ஒருமுறை சீட் மூக்கைப் பிடிச்சு இடம் வலமா ஆட்டிப் பாருங்க, ஆட்டம் தெரிஞ்சா புஷ் தேஞ்சிருக்கு. எலாஸ்டோமர் வகை குளிர்ல கொஞ்சம் கடினமாகும். மார்கழிக் காலைல ஓட்டுறவங்களுக்கு அது தெரியும், வெயில் ஏறினா சரியாயிடும்.

காட்டுவழி | 10:31
அளந்துட்டேன். க்ளாம்புக்கு மேல 12 செ.மீ. குச்சி 21 செ.மீ.ல தட்டுது, பாட்டில் திருகுதான். கார்ட்ல இருக்கிறது 350 மி.மீ.

ஸ்போக்_கீ | 10:38
அப்போ ஆர்டர் போடாதீங்க. 350ல 120 வெளிய போனா 230 உள்ள போகணும். உங்க குழாய்ல 210தான் இடம். அமுங்குறதுக்காக 12 மி.மீ. உயர்த்தினாலும் இன்னும் 8 மி.மீ. இடிக்குது. பாட்டில் திருகைச் சின்னதா மாத்திப் பார்க்கலாம். ஆனா அதைப் பிடிக்கிற ரிவெட் நட்டும் உள்ள நீட்டியிருக்கும், 31.6 போஸ்ட் அதைத் தாண்டாது.

அறுத்துக் குறைக்கலாம்னு யாராவது சொன்னா கேட்காதீங்க. என்சிஎக்ஸ், ஷாக்ஸ்டாப், டெலஸ்கோப்பிக் மூணுலயும் ஸ்பிரிங் கீழ்க்குழாய்க்குள்ளதான் இருக்கு. அறுத்தா போஸ்ட் குப்பைக்குத்தான்.

இணைகரம் | 10:44
தட்பஸ்டர் எஸ்டி பாருங்க. எலாஸ்டோமர் மேல மூட்டுக்குள்ள இருக்கு, கீழ வெறும் குழாய்தான். 12 செ.மீ. இடமும் அதுக்குப் போதும். கையேடு அனுமதிச்சா இடிக்கிற நீளத்தை மட்டும் அறுக்கலாம். அறுத்ததும் செருகல் கோடு அர்த்தமில்லாம போயிடும், அதனால 10 செ.மீ.க்குக் குறையாம உள்ள இருக்கணும், டாப் டியூப் சேர்ற இடத்துக்குக் கீழயும் இறங்கணும். உங்களுக்கு ரெண்டுமே தாராளமா கிடைக்கும். வெட்டின விளிம்பை அரத்தால ராவிடுங்க, இல்லன்னா ஃப்ரேம் உள்பக்கம் கீறும். உங்க சீட்டோட கம்பி 7 மி.மீ. வட்டக் கம்பியான்னும் பாருங்க, நீள்வட்டக் கார்பன் கம்பி பல க்ளாம்புக்கு ஒத்துவராது.

மூத்தசக்கரம் | 10:52
டயர் காற்றைக் குறைத்து ஒரு வாரம் ஓட்டிவிட்டு முடிவெடுங்கள். தள்ளுபடி மறுபடி வரும். இதில் காத்துதான்_முதல் சொன்னதை நானும் ஏற்கிறேன்.

காட்டுவழி | மறுநாள் காலை 7:48
கார்ட்ல இருந்து எடுத்துட்டேன். காத்து 30/27 வெச்சு எஸ்டேட் ரோட்டுல 14 கி.மீ. போயிட்டு வந்தேன், பாதி குலுக்கல் போயிடுச்சு. பெரிய கல்லு வர்ற ஏத்தத்துல மட்டும் இன்னும் அடிக்குது. எல்லாருக்கும் நன்றி.

இணைகரம் | 8:05
அப்போ எஸ்டி சரியா வரும். 78 கிலோ பையோட சேர்த்தா, இல்லாமலா? எலாஸ்டோமரை அந்த எடையை வெச்சுத்தான் தேர்ந்தெடுக்கணும்.

கேரியர்_பாய் | இரண்டு நாள் கழித்து
அண்ணா, என்ன போஸ்ட் எடுத்தீங்க? என் ஃப்ரேமும் 31.6தான், குச்சி 24 செ.மீ.ல தட்டுது.

ஸ்போக்_கீ | அன்றே
தம்பி, அவர் இன்னும் வரல. உங்களுக்கு க்ளாம்புக்கு மேல எத்தனை செ.மீ.?