லண்டனுக்குப் பிரம்பு விளக்குக்கூடு அனுப்புவது எப்படி?

வெள்ளவத்தை வாசகி:
வணக்கம். லண்டனிலுள்ள தங்கைக்கு ஒரு பிரம்பு விளக்குக்கூடு அனுப்ப விரும்புகிறேன். எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு. ஆனால் பெட்டி 60×60×50 செ.மீ. என்பதால் கூரியரில் 36 கிலோவுக்குக் கட்டணம் கேட்கிறார்கள். செலவைக் குறைக்க வழியுண்டா?

கொட்டாஞ்சேனை வாசகர்:
அக்கா, கூரியர் நிறுவனங்கள் பொதுவாக நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 5000 ஆல் வகுத்து, அப்படி வரும் கிலோ அளவையும் உண்மையான எடையையும் ஒப்பிட்டு, கூடியதற்கே கட்டணம் அறவிடுகின்றன. மூன்று அளவுகளிலும் 10 செ.மீ. குறைத்தால் 36 கிலோ 20 ஆகிவிடும். ஆகவே ரெஜிபோமை (பொதிக்குள் வைக்கும் வெள்ளை நுரை அட்டை) மூலைகளுக்கு மட்டும் வையுங்கள். பெட்டியின் நான்கு மூலைகளையும் மேலிருந்து கீறி, மிஞ்சும் அட்டையைக் கூட்டின் விளிம்புவரை மடித்து ஒட்டுங்கள். அந்த வெற்றிடத்துக்குப் பணம் கட்டவே கூடாது.

தெகிவளை வாசகி:
அவசரமில்லையெனில் கப்பல் சரக்கே என் தெரிவு. அங்கே பெரும்பாலும் கன அளவுக்கே கட்டணம். உங்கள் பெட்டி 0.18 கன மீட்டர்தான். குறைந்தபட்சக் கட்டணத்தை முதலில் கேளுங்கள். கூட்டின் உட்பகுதியைத் தங்கைக்கான பருத்திச் சேலைகளால் நிரப்பினால் பிரம்பு நசுங்காது. அவற்றையும் சுங்கப் படிவத்தில் தவறாமல் குறிப்பிடுங்கள்.