பிரிட்டனை விட்டு ஸ்காட்லாந்து பிரியலாமா? ஓட்டு எனக்கும் உண்டாம், என்ன செய்ய?

மார்த்தாண்டம்_நர்ஸ்:

கிளாஸ்கோவில் ஆஸ்பத்திரி வேலை. வந்து 4 வருஷம் ஆகுது. போன வாரம் நைட் டூட்டியில் டீ குடிக்கிறப்போ, கூட வேலை பார்க்கிற போர்ட்டர் ஒருத்தர், வயசானவர், திடீர்னு கேட்டார்: "சுதந்திர வாக்கெடுப்பு இன்னொரு தடவை வந்தா நீ யெஸ்ஸா, நோவா?" எனக்கு எங்க ஓட்டு, இந்திய பாஸ்போர்ட்டாச்சேன்னு மழுப்பினேன். "2014லயே உங்களுக்கெல்லாம் இருந்துச்சு, ஹென்"ன்னார். (இங்க பொம்பளைங்களைப் பாசமா அப்படித்தான் கூப்பிடுவாங்க. கோழின்னு அர்த்தம். முதல் மாசம் கோபம் வந்துச்சு, இப்போ கூப்பிடலைன்னாதான் என்னவோ போல இருக்கு.)

என் வீட்டுக்காரர் கேட்கிறார், "வாடகைக்கு வந்த வீட்ல பாகப்பிரிவினைப் பத்திரத்துல கையெழுத்துப் போடுவியா?"ன்னு. எனக்கு அப்படித் தோணலை. வரி கட்டுறேன். இங்க வருஷ வருமானம் 43,662 பவுண்டு தாண்டினாலே, தாண்டின பகுதிக்கு 42 சதவீதம். இங்கிலாந்தில் 50,270 தாண்டினாத்தான் 40. அதுக்குப் பதிலா மருந்துச் சீட்டுக்குக் காசில்லை, அங்க ஒரு மருந்துக்கு 9.90. பையன் இங்கேயே படிச்சா யுனிவர்சிட்டிக்கும் ஃபீஸ் இருக்காதுங்கிறாங்க. பிரிஞ்சா இதெல்லாம் நிக்குமா?

2014ல் ஓட்டுப் போட்டவங்க யாராவது சொல்லுங்க. கட்சிச் சண்டை வேண்டாம்.

ஆபர்டீன்_கடலோடி:

தங்கச்சி, நான் போட்டேன். சொந்த ஊர் நாகப்பட்டினம், 2011ல் ஆபர்டீன் வந்தேன். வடகடல் எண்ணெய் மேடையில் வால்வு பராமரிப்பு, ரெண்டு வாரம் கடல், ரெண்டு வாரம் கரை. அந்த செப்டம்பர் 18 கரையில் இருந்தேன். தெரு முனை ஸ்கூல்தான் பூத். சீட்டில் ஒரே கேள்வி, 'ஸ்காட்லாந்து ஒரு சுதந்திர நாடாக வேண்டுமா?' பக்கத்தில் ரெண்டு கட்டம், கயித்துல கட்டின பென்சில். விரல்ல மை வைச்சு, மெஷின்ல பட்டன் அமுக்கிப் பழகினவன் நான். 307 வருஷ உறவைப் பென்சிலாலயா தீர்க்கிறதுன்னு, "யாராவது அழிச்சுட்டா?"ன்னு அங்கிருந்த அம்மாகிட்ட கேட்டேன். அவங்க சிரிச்சதுல எனக்குத்தான் வெட்கமாப் போச்சு.

ஓட்டு உரிமை பத்தி உங்க வீட்டுக்காரர் சொல்றதுல ஒரு நியாயம் இருக்கு, ஆனா இவங்க கணக்கு வேற. பிரிட்டன், காமன்வெல்த், ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக்காரங்கள்ல யார் இங்க குடியிருக்காங்கன்னுதான் பார்த்தாங்க. என் கையில் இருந்தது ஒர்க் விசா, எனக்கு ஓட்டு. என் சூப்பர்வைசரோட அண்ணன் டண்டீயில் பிறந்து வளர்ந்தவர், நியூகாசில்ல குடியிருந்தார், அவருக்கு இல்லை. அந்த வருத்தம் அந்த வீட்ல இன்னும் இருக்கு.

நான் போட்டது நோ. காரணம் பவுண்டு. பிரிஞ்சா பவுண்டைப் பங்கு போட மாட்டோம்னு நிதியமைச்சர் ஆஸ்போர்ன் அந்த பிப்ரவரியில் எடின்பரோவுக்கே வந்து சொல்லிட்டுப் போனார். அப்போ உங்க மாற்றுத் திட்டம் என்னன்னு டிவி விவாதத்தில் நோ தரப்புத் தலைவர் டார்லிங் விடாமக் கேட்டார், யெஸ் தரப்பில் நின்ன ஸ்காட்லாந்து முதல் அமைச்சர் சால்மண்ட் கடைசிவரை நேரா பதில் சொல்லலை. நான் அப்பதான் வீட்டுக்கடன் வாங்கியிருந்தேன். 25 வருஷத்துக்கு எந்தக் காசுல கட்டுவேன்னு தெரியாம எப்படிப் போடுறது? நம்ம பர்ஸ்ல இருக்கிற ஸ்காட்லாந்து நோட்டையே லண்டன் ஈஸ்ட்ஹாம் மளிகைக்கடையில் நீட்டினா, தமிழ்க் கடைக்காரர் வெளிச்சத்துல தூக்கிப் பார்க்கிறார்.

எண்ணெய்க் கதையும் கேளுங்க. யெஸ் தரப்போட வெள்ளை அறிக்கை பீப்பாய் 110 டாலர்னு கணக்குப் போட்டிருந்துச்சு. 2014 கோடையில் விலையும் அப்படித்தான் இருந்துச்சு. ஜனவரியில் 50க்குக் கீழ. மார்ச்சுல எனக்கு வேலை போச்சு. அப்போ மனசுக்குள்ள, தனி நாடாயிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நினைச்சு, நான் போட்டது சரின்னு தேத்திக்கிட்டேன்.

அந்தத் தெம்பு ஒரு வருஷம்தான். பிரிஞ்சா ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே நிப்பீங்கன்னு பயமுறுத்திக் கேட்டதுதான் நோ தரப்பு. என் ஷிஃப்டில் இருந்த போலந்துக்காரன் அதை நம்பித்தான் நோ போட்டான். 2016ல் பிரெக்ஸிட், ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் விலகலாமாங்கிற ஓட்டெடுப்பு. ஸ்காட்லாந்து 62 சதவீதம், 32 கவுன்சில்லயும், இருக்கணும்னு சொல்லுச்சு. வெளியே இழுத்துட்டுப் போயிட்டாங்க. அந்த ஓட்டெடுப்பில் போலந்துக்காரனுக்கு ஓட்டே இல்லை, இந்தியா காமன்வெல்த் நாடுங்கிறதால எனக்கு இருந்துச்சு! அந்த வாரம் கேன்டீனில் அவன் எதிரே உட்கார முடியலை எனக்கு.

அதனால, நோன்னா இருக்கிறபடியே இருக்கும்னு மட்டும் நம்பிடாதீங்க.

ஆனா பிரிவினைக்கும் இப்போ விலை கூடிப்போச்சு. ஸ்காட்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்துல சேர்ந்து, இங்கிலாந்து வெளியே இருந்தா, நடுவில் சுங்க எல்லை வரும். இங்கிருந்து வெளியே விக்கிறதுல ஏறக்குறைய 60 சதவீதம் இங்கிலாந்துப் பக்கம்தான் போகுது. நமக்கு வர்றதும் அப்படித்தான். முருங்கைக்காயும் இட்லி அரிசியும் வியாழக்கிழமை லண்டன் லாரியில் வருது, மதியம் 3 மணிக்கே கடை வாசல்ல நம்ம ஆளுங்க நிப்பாங்க. அந்த லாரி எல்லையில் இருக்கிற கிரெட்னாவில் பேப்பரைக் காட்டிட்டு நிக்கிறதை நினைச்சுப் பாருங்க.

மருந்து, ஃபீஸ் பத்திக் கேட்டீங்க. 2023-24ல் ஸ்காட்லாந்து கணக்கில் வரவைவிடச் செலவு 22.7 பில்லியன் பவுண்டு கூட. அது பிரிட்டனுக்குள்ள ஒரு பகுதியா இருக்கிறப்போ போட்ட கணக்கு, தனி நாட்டுக் கணக்கு இல்லைன்னு யெஸ்காரங்க சொல்றாங்க, அதுவும் உண்மைதான். ஆனாலும் முதல் பத்து வருஷம் கையைக் கடிக்கும். எனக்கு மறுபடி நோதான், முன்ன மாதிரி நிம்மதியா இல்லை.

எடின்பரோ_யாழ்:

கடலோடி அண்ணை கணக்குப் பாத்துப் போட்டவர். நான் யெஸ் போட்டனான். என்ர மோனுக்கு அப்ப 16 வயசு, அவனும் போட்டவன், அந்த வாக்கெடுப்பில 16 வயசுக்காரருக்கும் வாக்கு இருந்தது.

எங்கட நாட்டில 1983 ஆவணியில அரசியலமைப்புக்கு 6ஆம் திருத்தம் கொண்டு வந்து, தனிநாடு வேணுமெண்டு கேக்கிறதையே குற்றமாக்கினவங்கள். இஞ்ச பிரதமர் கமரனே எடின்பரோவுக்கு வந்து சால்மண்டோட இருந்து வாக்கெடுப்பு ஒப்பந்தத்தில கையெழுத்து வைச்சார், 2012 ஐப்பசி. எனக்கு அதுதான் பெரிசு. தோத்ததுகூட அவ்வளவு நோகேல்லை. 55க்கு 45. எங்கட எடின்பரோவில 61 சதவீதம் நோ. கிளாஸ்கோ ஜோர்ஜ் சதுக்கத்தில அடுத்த நாள் கொஞ்சம் கைகலப்பு நடந்தது, அது உண்மை. ஆனா பக்கத்து வீட்டு அம்மா, யன்னல் முழுக்க நோ ஒட்டி வைச்சிருந்தவ, காலமை ஷார்ட்பிரெட் பெட்டியோட வந்து, "உன்ர பெடியன் அழுதவனோ?" எண்டு கேட்டா. அழுதவன்தான்.

தங்கச்சி, வாடகை வீடு எண்டு நினைக்காதேங்கோ. உங்கட பிள்ளை எந்த நாட்டில வளரப்போறான் எண்டதுதான் கேள்வி.

சட்டப்புள்ளி:

இவ்வளவு யோசிக்க அவசரமில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் (லண்டன் நாடாளுமன்றம்) அனுமதி இல்லாமல் ஹோலிரூட் (ஸ்காட்லாந்து நாடாளுமன்றம்) தானே வாக்கெடுப்பு நடத்த முடியாது என்று 2022 நவம்பர் 23ல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொல்லிவிட்டது. நடத்தினாலும் விதியை யார் எழுதுகிறார்கள் என்று பாருங்கள். 1979ல் தனிச் சட்டமன்றத்துக்கு 51.6 சதவீதம் ஆம் விழுந்தது. மொத்த வாக்காளர்களில் 40 சதவீதம் ஆம் சொல்ல வேண்டும் என்ற விதியால் அது செல்லாமல் போனது. அன்று வீட்டிலேயே இருந்தவர்களும் 'இல்லை' கணக்கில்தான் போனார்கள்.

மார்த்தாண்டம்_நர்ஸ்:

எல்லாருக்கும் நன்றி. யாழ் அண்ணா எழுதினதை வீட்டுக்காரருக்குப் படிச்சுக் காட்டினேன், ஒண்ணும் பேசலை. நேத்து டூட்டியில் அந்தப் போர்ட்டர்கிட்ட நானே போய்க் கேட்டேன், "பிரிஞ்சா எந்தக் காசு?"ன்னு. கொஞ்ச நேரம் கப்பையே பார்த்துட்டு இருந்தார். "அதைத்தான் என் பொண்டாட்டியும் 11 வருஷமாக் கேட்கிறா, ஹென்"னு சொல்லிட்டு ட்ராலியைத் தள்ளிட்டுப் போயிட்டார்.