மறு: ‘நெஸ்டட் மாடல்’ – ‘உள்ளமை மாதிரியுரு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

எந்திரன்களைக் கணினியில் இயக்கிப் பார்க்க உதவும் கெசிபோ முதலிய இயற்பியல் உருவகப்படுத்தல் மென்பொருள்களில் வரும் ‘நெஸ்டட் மாடல்’ (ஒரு மாதிரிக்குள் வைக்கப்படும் இன்னொரு மாதிரி) என்பதற்குப் ‘பின்னலான மாதிரி’ என்று இங்கே முன்மொழியப்பட்டுள்ளது. தமிழ்நாட்டுக் கணினிப் பாடநூல்களில் ‘பின்னலான’ என்னும் அடைமொழி வழக்கில் இருப்பதால் பரிந்துரை இயல்பானதே. ஆயினும் இவ்விடத்தில் அதை ஏற்கத் தயக்கமாக இருக்கிறது. பின்னலில் இழைகள் ஒன்றோடொன்று குறுக்கிட்டுச் செல்லும். இங்கோ, உள்ளே வைக்கப்படுவது தன் பெயரெல்லையையும் தன் குறிப்பாயத்தையும் (இடத்தையும் திசையையும் அளக்க உதவும் அச்சுத்தொகுதி) பொதுவாக இழப்பதில்லை.

‘வண்டி’ என்னும் மாதிரிக்குள் ஒரே கோப்பை இருமுறை சேர்த்து ‘இடக்கை’, ‘வலக்கை’ என்று பெயரிடுவதாகக் கொள்வோம். இரண்டிலும் ‘விரல்’ என்னும் உறுப்பு உண்டு. வண்டியின் நிலையிலிருந்து அவற்றை ‘இடக்கை::விரல்’, ‘வலக்கை::விரல்’ என்று சுட்டுவதால் பெயர்கள் மோதுவதில்லை. இம்மாதிரிகளை எழுதப் பயன்படும் எஸ்டிஎஃப் என்னும் கோப்பு வடிவத்தின் 1.7 பதிப்பு வரை இவ்வாறு சேர்க்கப்பட்ட கோப்பு கரைந்து, அதன் உறுப்புகள் முன்னொட்டோடு வண்டிக்கே உரியவையாகிவிடும், 1.8 முதல்தான் உள்மாதிரி உள்மாதிரியாகவே நிலைக்கிறது, இரட்டை முக்காற்புள்ளியும் பெயருக்குள் வரலாகாதென விலக்கப்பட்டது. ஆகவே ‘உள்ளமை’ என்னும் அடையே செயலுக்குப் பொருந்துகிறது. ‘உட்பொதி’ என்பதை ‘எம்பெடட்’ ஏற்கெனவே எடுத்துக்கொண்டது.

‘மாதிரி’ என்பது புள்ளியியலில் ‘சாம்பிள்’ என்பதோடு குழம்புகிறது. இலங்கைப் பாடநூல்களில் பழகிய ‘மாதிரியுரு’ நமக்கும் உதவும். சற்று நீளம்தான், ஆனால் ஐயத்துக்கு இடமில்லை.

கோப்பைச் சேர்க்கும்போது கொடுக்கக்கூடிய, எஸ்டிஎஃப் 1.9-இல் வந்த ‘மெர்ஜ்’ பண்பைத் தனியே பிரித்துக் காட்டவேண்டும். அதைக் கொடுத்தால் உள்ளிருப்பவை முன்னொட்டின்றி வெளி மாதிரியுருவில் கலக்கின்றன. மேற்சொன்ன இரு விரல்களும் உடனே மோதும். இதைக் ‘கரைத்துச் சேர்த்தல்’ என்றே சொல்லலாம்.

மாதிரியுருக்கள் எல்லாம் வைக்கப்படும் ‘வேர்ல்டு’ என்பதற்குச் ‘சூழல்’ வேண்டாம். ஈர்ப்பின் அளவும் திசையும், இயற்பியல் பொறியின் அமைப்புகளும் அங்கேதான் வரையறுக்கப்படுகின்றன. ஓர் உறுப்பு தனக்கு ஈர்ப்பு வேண்டாம் என்று விலகலாமேயன்றி, தனக்கென வேறோர் ஈர்ப்பை வகுத்துக்கொள்ள முடியாது. மாதிரியுருவுக்குள் மாதிரியுரு அமையும், உலகம் அமையாது. எளிய ‘உலகம்’ போதும்.

‘ஜாயின்ட்’ என்பதற்கு ‘மூட்டு’ எல்லோருக்கும் உடன்பாடே. மூட்டுகளால் இணைக்கப்படும் விறைப்பான பகுதியாகிய ‘லிங்க்’ என்பதற்கு நான் மேலே ‘உறுப்பு’ என்று எழுதியிருக்கிறேன். ‘இணைப்பு’ என்றால் மூட்டோடு மயங்கும். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் அறியத் தாருங்கள்.